மேல்மாடியும் கீழ்மாடியும்: பொதுச் செலவில் அடியார்களின் உரிமை

(திருவாலங்காடு ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

நஹ்மதுஹூ வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃது.

பள்ளியில் அமர்ந்து கேட்பவர்களே, பயணத்திலும் வெளியூரிலும் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், அடுத்து உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

போன வாரம் சுப்ஹு தொழுகை முடிந்து முஸாபஹா செய்துகொண்டிருந்தோம். நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் எல்லோரிடமும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். ஒரே ஒருவர் பக்கம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டு தாண்டிப் போனார். அந்த மனிதரும் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பேரும் முதல் ஸஃப்பில் தொழுகிறவர்கள். வெளியே வந்ததும் பெரியவரிடம் கேட்டேன். "விடுங்க ஹஜ்ரத், அது லிஃப்ட் பிரச்சினை" என்றார்.

என்ன லிஃப்ட்? நம் ஊரில் லிஃப்ட் எங்கே இருக்கிறது? விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு பேரும் ஆயுள் முழுக்க இங்கிருந்து ரயில் ஏறி வேலைக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள். ஆவடிப் பக்கம் ஒரே அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு வாங்கினார்கள். பெரியவருக்குத் தரைத்தளம், மற்றவருக்கு மூன்றாவது மாடி. மொத்தம் 10 வீடு. கட்டும்போது லிஃப்ட் கிடையாது. இப்போது லிஃப்ட் வைக்கவேண்டும், வீட்டுக்கு ஒண்ணேகால் லட்சம், மாதப் பராமரிப்பும் கூடும் என்று சங்கத்தார் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள்.

பெரியவர் சொல்கிறார்: "நான் இருப்பது தரையில். ஏறாத லிஃப்ட்டுக்கு நான் எதுக்கு ஹஜ்ரத் காசு கொடுக்கணும்? அந்த வீட்டை லீசுக்கு விட்டிருக்கேன். அங்கே இருக்கிற பையன்கிட்டயும் மாசாமாசம் கூடக் கேட்கிறாங்க."

மற்றவர் சொல்கிறார்: "எங்க அம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சு. ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும்தான் கீழே இறங்குறாங்க. அதுவும் நாற்காலியில் வெச்சு நாலு பேர் தூக்கணும். நான் வேற என்ன செய்வேன்?"

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருக்கும் நடுவில் ஸலாம் நின்றுபோய்விட்டது. நான் பயப்படுவது அதற்குத்தான். இது தொழுகை, நோன்பு சம்பந்தப்பட்ட விஷயமா, இதைப் பயானில் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. அல்லாஹ்வின் உரிமையில் நாம் செய்த குறையை அவன் நாடினால் மன்னிப்பான். அடியானின் உரிமையில் செய்த குறையை அந்த அடியான்தான் மன்னிக்கவேண்டும். அவன் மன்னிக்காமல் மஹ்ஷர் வரை போனால், அங்கே ரூபாய் செல்லாது. நன்மையைத்தான் எடுத்துக் கொடுக்கவேண்டியிருக்கும்.

கப்பலின் இரண்டு தட்டுகள்

நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்ன ஓர் உவமை ஸஹீஹுல் புகாரியில் (2493) இருக்கிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள். அதன் கருத்து இது: ஒரு கப்பலில் சிலர் சீட்டுக் குலுக்கி இடம் பிடித்தார்கள். சிலருக்கு மேல்தட்டு கிடைத்தது, சிலருக்குக் கீழ்த்தட்டு. கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மேலே ஏறி, அங்கிருப்பவர்களைக் கடந்து போய்த்தான் மொண்டு வரவேண்டும். மேலே இருப்பவர்களுக்கு நாம் ஏன் தொந்தரவு கொடுக்கவேண்டும், நம் பங்கில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோமே என்று அவர்கள் யோசித்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள்.

தீமையைத் தடுப்பதற்கு ஆதாரமாக இந்த ஹதீஸைப் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று அடுக்குமாடியில் குடியிருப்பவனின் கண்ணோடு இதைப் பாருங்கள். கீழ்த்தட்டுக்காரர்களின் எண்ணம் கெட்டதல்ல, தொந்தரவு தரக்கூடாது என்றுதான் நினைத்தார்கள். அவர்கள் பிழை செய்தது ஒரே ஒரு சொல்லில்: 'நம் பங்கு'. கடலில் மிதக்கும்போது ஓட்டைக்கு என் பங்கு, உன் பங்கு தெரியாது.

மேல்தட்டுக்காரர்களுக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மக்கள் ஓட்டை போடலாம் என்று நினைக்கும் அளவுக்கு, தண்ணீருக்கு ஏறி வருவது அவர்களுக்கு ஏன் அவ்வளவு கூச்சமாக இருந்தது? முன்பே கூப்பிட்டு, தண்ணீருக்கு என்ன வழி செய்யலாம் என்று உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த யோசனையே வந்திருக்காதே!

ஒரு தரப்பை மட்டும் கேட்காதீர்கள்

ஸூரத்து ஸாதில் (38:21-24) தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்களிடம் இரண்டு பேர் வழக்குக் கொண்டுவந்த சம்பவத்தை அல்லாஹ் சொல்கிறான். ஒருவரிடம் 99 ஆடுகள், மற்றவரிடம் ஒரே ஓர் ஆடு. அந்த ஒன்றையும் தன்னிடம் கொடு என்று முதலாமவர் பேச்சில் மிகைத்துவிட்டார். இதைக் கேட்டதும் தாவூத் நபி, அவர் உனக்கு அநியாயம் செய்துவிட்டார் என்றார்கள். கூட்டாகச் சொத்து வைத்திருப்பவர்களில் அதிகமானோர் ஒருவருக்கொருவர் அத்துமீறத்தான் செய்கிறார்கள், ஈமான் கொண்டு நற்செயல் செய்பவர்களைத் தவிர. அவர்கள் குறைவுதான் என்ற கருத்தையும் சொன்னார்கள். அதன் பிறகு, இது தமக்கு வந்த சோதனை என்று உணர்ந்து ஸஜ்தாவில் விழுந்தார்கள். மறுதரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னதே அந்தச் சோதனை என்று விளக்கவுரையாளர்களில் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

அங்கே அல்லாஹ் பயன்படுத்தும் சொல் 'குலதாஃ'. சொத்தைக் கலந்து வைத்திருப்பவர்கள் என்று பொருள். அடுக்குமாடியில் வீடு வாங்கிய எல்லோரும் குலதாஃதான். வீட்டுக்குள்ளே சுவர் உங்களுடையது. ஆனால் வீடு நிற்கும் மண்ணில் உங்களுக்கு இருப்பது பிரிக்கப்படாத பாகம். படிக்கட்டு, மொட்டைமாடி, கீழ்நிலைத் தொட்டி, செப்டிக் டேங்க், மோட்டார் எல்லாம் கலந்த சொத்து. கலந்த சொத்தில் அத்துமீறாதவர்கள் குறைவு என்று குர்ஆனே எச்சரிக்கிறது. அந்தக் குறைவானவர்களில் நாம் இருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஃபிக்ஹு நூல்கள் என்ன சொல்கின்றன?

மாடிவீட்டுப் பிரச்சினை இந்தக் காலத்தில் புதிதாக வந்தது என்று நினைக்கிறோம். அரபிக் கல்லூரியில் ஹிதாயா ஓதியபோது, மேல்மாடி ஒருவருக்கும் கீழ்மாடி இன்னொருவருக்கும் சொந்தமான கட்டிடத்தைப் பற்றித் தனியாகவே பாடம் வந்தது. இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 593இல் வஃபாத்தானவர்கள். 800 வருடத்துக்கு முந்திய நூல். கீழ்மாடிக்காரர் தன் சுவரில் ஓர் ஆணி அடிப்பதானாலும், ஒரு சாளரம் திறப்பதானாலும் மேல்மாடிக்காரரின் சம்மதம் வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. மேல்மாடிக்குக் கேடு வராத வேலையைச் செய்துகொள்ளலாம் என்பது அவர்களின் இரு மாணவர்கள் இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்து. ஓர் ஆணிக்கே சம்மதம் கேட்டுப் பேசியிருக்கிறார்கள். நாம் 10 வீட்டுக்கும் சேர்த்து லட்சக்கணக்கான செலவை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முடித்துவிடுகிறோம்.

ஃபிக்ஹில் இன்னொரு விதி உண்டு: ஆதாயம் யாருக்கோ, சுமையும் அவருக்கே. உஸ்மானியர் காலத்தில் தொகுத்த மஜல்லா சட்டத் தொகுப்பிலும் இது 87ஆவது விதியாக இருக்கிறது. நம் ஊர் விவசாயிக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஏரி தூர்வாரக் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. அந்த ஏரித் தண்ணீரில் பாசனம் பெறுகிறவர்கள் கரைக்கு மண் சுமந்தார்கள். பிரிட்டிஷார் 1858இல் அதையே சட்டமாகவும் ஆக்கினார்கள். தண்ணீர் வாங்குகிறவன் கரையைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

இந்த விதிகளை வைத்து நம் பிரச்சினையை இரண்டாகப் பிரிக்கலாம்.

ஒன்று, இருப்பதைக் காப்பாற்றும் செலவு. மொட்டைமாடி ஒழுகுகிறது, தூண் வெடிக்கிறது, செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது, மோட்டார் எரிந்துவிட்டது. இதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. மொட்டைமாடி ஒழுகினால் மேல்வீட்டுக்காரருக்குத்தானே என்று தரைத்தளத்துக்காரர் சொல்லக்கூடாது. கீழ்நிலைத் தொட்டி நாறினால் கீழ்வீட்டுக்காரருக்குத்தானே என்று மேல்வீட்டுக்காரர் சொல்லக்கூடாது. கட்டிடம் விழுந்தால் எல்லோர் தலையிலும்தான் விழும். இது கப்பல்.

இரண்டு, இல்லாததைப் புதிதாகச் சேர்க்கும் செலவு. லிஃப்ட், சோலார், கேமரா, ஜெனரேட்டர், ஆர்.ஓ. தண்ணீர் இயந்திரம். இதில் முதலில் சம்மதம் வேண்டும். யாருக்கு எவ்வளவு பயன் என்று பார்த்துப் பங்கு பிரிக்கவேண்டும். பத்திரத்திலோ சங்கத்தின் துணைவிதியிலோ ஏதாவது ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்குத்தான் முதலிடம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது ஸூரத்துல் மாயிதாவின் (5:1) தொடக்கத்திலேயே வரும் கட்டளை. வாங்கும்போது 40 பக்கப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது அல்லாஹ்விடம் பதிலாகாது.

எனக்குப் பயனில்லை என்பதை நன்றாக யோசித்துத்தான் சொல்லவேண்டும். லிஃப்ட் வந்தால் பெரியவர் அதில் ஏறமாட்டார், உண்மை. நாளை அந்த வீட்டை விற்கும்போது கட்டிடத்தின் மதிப்பு கூடியிருந்தால் அதில் அவருக்கும் கொஞ்சம் வரும், அதுவும் உண்மை. ஆகவே மூன்றாவது மாடிக்குச் சமமாக அவரிடம் கேட்பதும் நியாயமாகத் தெரியவில்லை, அவர் ஒன்றுமே கொடுக்கமாட்டேன் என்பதும் நியாயமாகத் தெரியவில்லை. நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அதை உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

அண்டை வீட்டுக்காரர் உங்கள் சுவரில் ஒரு மரக்கட்டையைப் பதித்துக்கொள்ள விரும்பினால் தடுக்காதீர்கள் என்று நபிகளார் சொன்ன செய்தியும் புகாரியில் (2463) இருக்கிறது. அதை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள், மக்கள் முகம் சுளிப்பதைக் கண்டு வருத்தப்பட்டார்கள். சுவர் உங்களுடையதுதான். ஆனாலும் விட்டுக்கொடுங்கள் என்று மார்க்கம் கேட்கிறது. மூன்றாவது மாடியில் ஒரு தாய் இறங்க முடியாமல் இருக்கிறார். காசு தருவது தனி விஷயம். வைக்கவே விடமாட்டேன் என்று தடுப்பதற்கு முன் இந்த ஹதீஸை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

முழுக் கணக்கையும் சொல்லுங்கள்

சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செலவைச் சொல்லும்போது பாதியைச் சொல்லி மீதியை மறைக்காதீர்கள்.

ஓர் உதாரணம். 2023 அக்டோபரில் தமிழக முதலமைச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார். 10 வீடுகள் அல்லது அதற்குக் குறைவாகவும், 3 மாடிகள் அல்லது அதற்குக் குறைவாகவும் உள்ள, லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிகளுக்குப் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறையும் என்றார். லிஃப்ட் இல்லாத என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் சொன்ன அந்தக் கட்டிடத்தில் சரியாக 10 வீடு. லிஃப்ட் வைத்தவுடன் அந்தச் சலுகை போய்விடும். படிக்கட்டு விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும்கூடக் கூடுதல் கட்டணம்தான் வரும். அதன் சுமை, லிஃப்ட்டில் ஏறாத தரைத்தளத்துக்காரர் மீதும் விழும். இதைச் சொல்லாமல் லிஃப்ட் இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று மட்டும் சொன்னால் அது முழுக் கணக்காகுமா?

ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீனின் (83:1-3) தொடக்கத்தில், தான் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். நம் திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு ஏற்றிப்போகும் விவசாயி எடைமேடையில் வண்டி ஏறியதும் வேறெங்கும் பார்க்கமாட்டார், எண்ணையே பார்ப்பார். தன் உழைப்பு அந்த எண்ணில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சங்கத்துக்குக் காசு கொடுப்பவரும் அப்படித்தான் பார்ப்பார். பார்க்கட்டும். கணக்குக் கேட்பவரைக் குழப்பக்காரர் என்று சொல்லாதீர்கள்.

நபிகளார் ஸகாத் வசூலிக்க ஒருவரை அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். நபிகளார் மிம்பரில் ஏறி, அவர் தன் தகப்பன் வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. லிஃப்ட் கம்பெனிக்காரன், கேமரா மாட்டுகிறவன், பெயின்ட் அடிக்கும் மேஸ்திரி யாரானாலும் சரி, செயலாளர் கையில் தனியாக ஒரு கவர் கொடுத்தால், இந்தப் பொறுப்பில் நான் இல்லையென்றால் இவன் என் வீடு தேடி வந்திருப்பானா என்று கேட்டுப்பாருங்கள். அந்தப் பணம் 10 வீட்டுக்காரர்களுடையது. தள்ளுபடியாக அவர்கள் கணக்கில்தான் சேரவேண்டும்.

மற்ற ஊர்களில்

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் சகோதரர்களுக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. சிங்கப்பூரில் நம் தமிழ் மக்கள் வாழும் வீவக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைதான். பழைய கட்டிடங்களில் முன்பு சில மாடிகளில் மட்டுமே லிஃப்ட் நின்றது. எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்ற 2001இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் வாக்களித்து ஏற்றால்தான் வேலை. பெரும்பங்குச் செலவை அரசே ஏற்றது. ஒரு குடும்பம் தரவேண்டியதற்கு 3,000 வெள்ளி என்று உச்சவரம்பு வைத்தார்கள். முதலில் கேட்டார்கள், பிறகு வரம்பு சொன்னார்கள், அதற்குப் பிறகுதான் வேலை.

இங்கிலாந்திலும் குத்தகை வீடுகள் உண்டு. அங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பெரிய வேலைக்காக ஒரு குத்தகைதாரரின் பங்கு 250 பவுண்டுக்கு மேல் போகுமென்றால், கட்டிட உரிமையாளர் முன்கூட்டியே அறிவித்து அவர்களின் கருத்தைக் கேட்கவேண்டும். கேட்காமல் செய்தால், தீர்ப்பாயம் விலக்கு அளித்தாலன்றி 250க்கு மேல் வசூலிக்க முடியாது. ஆனாலும் நம் மக்கள் அதிகம் வாழும் ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாம் பகுதியில், ஃப்ளோரி என்று அழைக்கப்பட்ட 93 வயது மூதாட்டிக்குக் கூரை வேலைக்கென்று கிட்டத்தட்ட 50,000 பவுண்டு பில் வந்தது. அவர் இறந்த பிறகு, 2014இல் அரசுநிதி பெறும் இத்தகைய வேலைகளுக்கு லண்டனில் 5 ஆண்டில் 15,000 பவுண்டு, வெளியே 10,000 பவுண்டு என்று உச்சவரம்பு வந்தது. அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

முஸ்லிமல்லாத நாடுகளின் சட்டத்தை இங்கே ஏன் சொல்கிறேன்? கேட்டுச் செய், அளவோடு வாங்கு என்பதை அவர்கள் சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். நமக்கோ இது வஹீயாகவே வந்துவிட்டது. முஃமின்களின் காரியம் அவர்களுக்குள் கலந்தாலோசிப்பதாக இருக்கும் என்று குர்ஆன் (42:38) வர்ணிக்கிறது. அந்த ஆயத்தில் தொழுகைக்கும் தர்மத்துக்கும் நடுவில் ஆலோசனையை வைத்திருக்கிறான் அல்லாஹ். தொழுகையை விடாத நாம் மஷ்வராவை விட்டுவிடுகிறோமே!

நம் மாநிலத்திலும் 1994ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. பழைய கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும் என்கிறது. சட்டம் எண்ணிக்கையைப் பார்க்கிறது, பார்க்கத்தான் வேண்டும். மீதி மூன்றில் ஒரு பங்கினர் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது. பிடிவாதமாக இருக்கலாம், கையில் காசில்லாமல் இருக்கலாம். காசில்லை என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு, லிஃப்ட் தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு.

வாடகைக்கும் லீசுக்கும் இருப்பவர்கள்

பெரியவர் வீட்டில் லீசுக்கு இருக்கும் அந்தத் தம்பியை மறந்துவிடக்கூடாது. கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள், வாக்கும் கிடையாது. பில் மட்டும் அவர் வீட்டுக் கதவில் செருகப்பட்டிருக்கும்.

குடியிருக்கத் தகுந்ததாக வீட்டைச் செப்பனிட்டு வைப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று நம் ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. கட்டிடத்தோடு நிலைத்து நிற்கும் பொருள் உரிமையாளரின் சொத்து. அதன் விலையை அவரே தரவேண்டும். தினசரி உபயோகத்துக்கு ஆகும் செலவை, முன்பே பேசியிருந்தால் குடியிருப்பவர் தரலாம். தமிழகத்தில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டமும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. குடியிருக்கும் காலத்தில் வீட்டை மேம்படுத்தி, அதற்காக வாடகையைக் கூட்டவேண்டுமானால், வேலை தொடங்குமுன் வாடகைதாரரோடு எழுத்தில் உடன்பட்டிருக்கவேண்டும் என்கிறது. கடனை எழுதிவையுங்கள் என்று சொல்லும் ஆயத்துதான் (2:282) குர்ஆனிலேயே நீளமான ஆயத்து. எழுதிவைப்பது நம்பிக்கையில்லாததன் அடையாளம் அல்ல, நட்பைக் காப்பாற்றும் வழி.

இதோடு இன்னொன்று. லட்சக்கணக்கில் பணத்தை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் வீட்டைக் கொடுக்கும் இந்த லீசு முறையில் வட்டியின் சாயல் இருப்பதாக உலமாக்கள் எச்சரிக்கிறார்கள். அது தனியாகப் பேசவேண்டிய விஷயம். அப்படிக் கொடுத்திருப்பவர்கள் தனியாக வந்து கேளுங்கள், மாற்றுவழி சொல்கிறேன்.

கொடுக்கவேண்டியதை இழுத்தடிக்காதீர்கள்

இதுவரை வசூலிப்பவர்களைப் பற்றிப் பேசினேன். இனி கொடுக்காதவர்களைப் பற்றி.

மஷ்வரா நடந்தது, கணக்கும் காட்டினார்கள், நீங்களும் தலையாட்டினீர்கள். அதன்பிறகு ஆறு மாதம் பராமரிப்புக் காசு கொடுக்காமல் இருப்பது என்ன நியாயம்? வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்ற கருத்தில் நபிமொழி புகாரியில் (2287) இருக்கிறது. நீங்கள் தராத காசுக்குப் பதிலாக வாட்ச்மேனின் சம்பளம் தள்ளிப்போகும். அல்லது பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் பங்கையும் சேர்த்துக் கட்டுவார். ஒருவரின் பொருளை இன்னொருவர் தவறான வழியில் உண்ணாதீர்கள் என்ற தடையில் (4:29) இதுவும் அடங்கும். நீங்கள் குடிக்கும் தண்ணீரை மேலே ஏற்றிய மோட்டாருக்கு வேறொருவர் காசு கொடுத்திருக்கிறார்.

கட்ட முடியாதவர் விஷயம் வேறு. அவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிடுவது அதைவிடச் சிறந்தது என்று ஸூரத்துல் பகராவில் (2:280) அல்லாஹ் வழி காட்டுகிறான். தராதவர்கள் பட்டியல் என்று போர்டில் எழுதிப்போடுவதற்கு முன், தண்ணீர்க் குழாயை அடைப்பதற்கு முன், இவர் முடியாதவரா, மனமில்லாதவரா என்று ஒருமுறை கதவைத் தட்டிக் கேளுங்கள்.

என் தவறு

அடுத்தவர் தவறைச் சொல்லிவிட்டு என் தவறை மறைத்தால் இந்த பயானில் பரக்கத் இருக்காது. நம் பள்ளியில் போர்வெல் போட்டு, புது மோட்டார் வைத்து, உளூ செய்யக் குழாய்கள் வைத்தோம். வேலை முடிந்த அவசரத்தில் யாரையும் கலக்காமல், வீட்டுக்கு 2,000 ரூபாய் என்று இதே மிம்பரில் அறிவித்தேன். கொடுத்தவர்கள் பெயரையும் வாரவாரம் படித்தேன். நன்மைக்கு ஆர்வமூட்டுவதாக நினைத்துக்கொண்டேன்.

நம் சகோதரர் ஒருவர், ரயிலில் பழம் விற்பவர், மூன்று ஜும்ஆவாக வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று வீட்டுக்குப் போனேன். நன்றாகத்தான் இருந்தார். அரக்கோணத்தில் தொழுதுவிட்டு வருவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் பேர் வராதுல்ல ஹஜ்ரத், அதான்" என்றார்.

அல்லாஹ்வின் வீட்டுக்கு வரும் ஓர் அடியானை 2,000 ரூபாயால் நான் வெளியே நிறுத்திவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றோடு பெயர் படிப்பதை நிறுத்தினேன். இப்போது நம் பள்ளியில் பொதுச் செலவு எதுவானாலும் முன்கூட்டியே மஷ்வரா நடக்கிறது, வரவு செலவுக் கணக்கு வாசலில் ஒட்டப்படுகிறது. பள்ளிக்கு இது பொருந்துமென்றால் நம் அடுக்குமாடிச் சங்கத்துக்கும் பொருந்தும்.

உஸ்மான் (ரலி) அவர்களின் வாளி

மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த ஸஹாபாக்களுக்கு நல்ல தண்ணீர் கிடைப்பது சிரமமாக இருந்தது. ரூமா என்றொரு கிணறு இருந்தது, தண்ணீருக்குக் காசு கொடுக்கவேண்டும். அதை வாங்கிப் பொதுவாக்குபவருக்குச் சொர்க்கத்தில் அதைவிடச் சிறந்தது உண்டு என்று நபிகளார் நற்செய்தி சொன்னார்கள். உஸ்மான் (ரலி) தம் சொந்தப் பணத்தில் வாங்கி வக்ஃபு செய்தார்கள்.

அந்த அறிவிப்பில் ஒரு செய்தி வருகிறது: வாங்குகிறவர் தம் வாளியை மற்ற முஸ்லிம்களின் வாளிகளோடு ஒன்றாகவே போடவேண்டும். முழு விலையும் கொடுத்தவருக்குத் தனிச் சலுகை கிடையாது, அவரும் வரிசையில் ஒருவர்தான். நான்தான் அதிகம் கொடுத்தேன், நான்தான் செயலாளர் என்று லிஃப்ட் சாவியை இடுப்பில் செருகிக்கொள்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். வசதியுள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். மூன்றாவது மாடியில் உங்களுக்கு வசதி இருக்கிறது, தரைத்தளத்தில் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் இருக்கிறார். அவருடைய பங்கில் பாதியை நீங்கள் ஏற்றால் என்ன? ஒவ்வொரு நாளும் அந்த லிஃப்ட்டில் ஒரு முதியவர் ஏறும்போது உங்களுக்கு ஸதகத்துல் ஜாரியா எழுதப்படலாம்.

முடிவாக

சகோதரர்களே! பொதுச் செலவு வரும்போது இந்த ஐந்தையும் கடைப்பிடியுங்கள்.

1. வேலைக்கு முன் மஷ்வரா. தரைத்தளம், மேல்தளம், உரிமையாளர், வாடகைதாரர் எல்லோரையும் அழையுங்கள்.

2. முழுக் கணக்கு. வைக்கும் செலவு, மாதாமாதம் ஆகும் செலவு, மின்கட்டண மாற்றம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். குறைந்தது மூன்று விலைப்புள்ளிகளை வாங்கிக் காட்டுங்கள்.

3. பழுதுபார்க்கும் செலவு எல்லோருக்கும் பொது. புதிதாகச் சேர்ப்பதில் பயனைப் பார்த்துப் பங்கு பிரியுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் அதன்படி நடங்கள்.

4. முடியாதவருக்குத் தவணை. அவர் நிலைமையைப் பத்துப் பேர் முன் பேசாதீர்கள்.

5. முடிவானதும் தாமதிக்காமல் கொடுங்கள். மனம் ஒப்பாவிட்டால் கூட்டத்தில் சொல்லுங்கள், கூட்டம் முடிந்தபின் புறம் பேசாதீர்கள்.

அந்தப் பெரியவரும் சகோதரரும் இன்று இந்த ஸஃப்புகளில்தான் இருக்கிறார்கள். யார் என்று நான் சொல்லவில்லை, நீங்களும் தேடவேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டிடத்தில் கூட்டம். இருவரும் அழைத்ததால் நானும் போகிறேன். தீர்ப்புச் சொல்ல அல்ல, இரண்டு தரப்பையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துக் கேட்க. அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஹலாலில்லை, இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவர் என்று நபிகளார் கற்றுத்தந்திருக்கிறார்கள். மூன்று நாள் தாண்டிவிட்டது. லிஃப்ட் வருமோ வராதோ, தொழுகை முடிந்து வாசலைத் தாண்டுவதற்குள் ஸலாம் வந்துவிடட்டும்.

யா அல்லாஹ்! கலந்த சொத்தில் அத்துமீறாத அந்தக் குறைவானவர்களில் எங்களைச் சேர்ப்பாயாக! எங்கள் வீடுகளில் பரக்கத்தையும், மேலும் கீழும் பக்கத்திலும் வாழும் எங்கள் அண்டை வீட்டாரோடு அன்பையும் தருவாயாக! படியிறங்க முடியாமல் வீட்டுக்குள் இருக்கும் எங்கள் தாய் தந்தையருக்கு ஆரோக்கியத்தைத் தருவாயாக! பிறர் உரிமையைச் சுமந்துகொண்டு உன் முன்னால் நிற்கும் நிலையிலிருந்து எங்களைக் காப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.